நூல் பிசிறா, ஊசி ஓட்டையா: எதை முதலில் பிடிப்பது?

கேள்வி: திருப்பூரில் 30 மெஷின் வைத்து ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். எக்ஸ்போர்ட்டர் துணி கொடுப்பார். கட்டிங்கில் இருந்து பேக்கிங் வரை எங்கள் பொறுப்பு. மாதம் சுமார் 26,000 டி-ஷர்ட். போன மாதம் செக்கிங் நோட்டில் ஏறியவை: பிசிறு 1,900, ஆயில் கறை 620, தையல் விட்டது அல்லது அறுந்தது 540, அளவு மாறல் 210, கலர் மாறல் 130, ஊசி ஓட்டை 95, சைஸ் லேபிள் மாறியது 12. சரிசெய்ய முடியாமல் ஒதுங்கியவை: கறையில் 40, அளவில் 120, கலரில் 30, ஊசி ஓட்டையில் 95-ம். ஒதுங்கிய பீசுக்கு 140 ரூபாய் டெபிட் செய்கிறார்கள். கைமடிக்கு (உதவியாளருக்கு) நாள் கூலி 500, டெய்லருக்கு 750. ஒரு ஆலோசகர், 'பிசிறுதான் பாதிக்கு மேல், தானாக நூல் வெட்டும் மெஷின் வாங்குங்கள்' என்கிறார். இன்னொருவர் ஐஎஸ்ஓ சான்றிதழ், ஃபைவ் எஸ் (வேலை இடத்தை ஒழுங்காக வைக்கும் முறை) என்கிறார். மகன் சாஃப்ட்வேர் கேட்கிறான். கையில் 3 லட்சம் இருக்கிறது. இதற்கிடையே ஒரு எக்ஸ்போர்ட்டர் எந்தக் குறையும் சொல்லாமலே ஆர்டரைப் பாதியாக்கிவிட்டார். எதை முதலில் செய்வது? செக்கிங்குக்கு இன்னும் இரண்டு பேர் போட்டால் சரியாகுமா?

பதில்: குறையைப் பெயர் வாரியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறீர்கள், பல யூனிட்டுகளில் 'டேமேஜ் இவ்வளவு' என்ற ஒற்றை எண்தான் இருக்கும். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. அதை எண்ணிக்கையாகப் படிக்காமல் ரூபாயாக மாற்றிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொத்தம் 3,507 குறை. அதில் பிசிறு 1,900, அதாவது 54 சதவீதம். ஆலோசகர் பார்த்தது இந்த எண்ணை. இப்போது கூலியையும் டெபிட்டையும் சேர்த்துப் போடுவோம்.

கைமடிக்கு 8 மணி நேரத்துக்கு 500 என்றால் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் சொச்சம். ஒரு பீசில் விட்ட பிசிறை வெட்ட 15 வினாடி போதும், 26 பைசா. 1,900 பீசுக்கும் சேர்த்து 500 ரூபாய்தான் ஆகிறது. ஆயில் கறையை எடுக்க ஆளும் மருந்தும் சேர்த்து 4 ரூபாய் வைத்தால் 2,480; போகாத 40 பீசுக்கு டெபிட் 5,600; ஆக 8,080. விட்ட தையலை ஆல்ட்டர் செய்ய, பீசைத் தேடி எடுத்து டெய்லரிடம் கொடுத்து வாங்கும் நேரத்தோடு 5 ரூபாய், 2,700. அளவு மாறியதில் நீளம் கூடிய 90 பீசைத் திரும்ப மடித்துத் தைக்க 540, ஒதுங்கிய 120-க்கு 16,800, ஆக 17,340. கலர் மாறலில் 100 பீசுக்குப் பேனல் (வெட்டிய துணித் துண்டு) மாற்ற 25 ரூபாய் வீதம் 2,500, ஒதுங்கிய 30-க்கு 4,200, ஆக 6,700. ஊசி ஓட்டைக்கு வைத்தியமே இல்லை: 95 பீசும் போச்சு, 13,300. லேபிள் மாற்ற 60 ரூபாய்.

கூட்டினால் மாதம் 48,680 ரூபாய். அதில் அளவு மாறலும் ஊசி ஓட்டையும் மட்டும் 30,640, அதாவது 63 சதவீதம். எண்ணிக்கையில் இந்த இரண்டும் சேர்ந்து 305 தான், 9 சதவீதம்கூட வரவில்லை. பாதிக்கு மேல் இருந்த பிசிறு, பணத்தில் ஒரு சதவீதம்.

இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோ 1890-களில் சொத்து எப்படிச் சிலர் கையில் குவிகிறது என்று எழுதியதை, தரக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஜோசப் ஜுரான். 'சில காரணங்கள்தான் பெரும் சேதம் செய்யும்' என்ற அந்தப் பரேட்டோ பட்டை வரைபடத்தை இன்று எல்லா ஆலோசகரும் வரைகிறார்கள். பட்டையின் உயரத்தில் பீஸ் எண்ணிக்கையை வைப்பதா, ரூபாயை வைப்பதா என்பதில்தான் சறுக்குகிறார்கள். எண்ணிக்கை சுலபமாகக் கிடைக்கும். ரூபாய்க்கு ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

நூல் வெட்டும் மெஷின் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பேட்லாக் மெஷினில் பாட்டம் (கீழ் ஓரம்) மடிக்கும்போது தானாக வெட்டினால் டெய்லரின் நேரமும் நூலும் மிச்சமாகும். அது உற்பத்திக் கணக்கு. அதை அந்தக் கணக்கில் போட்டு, எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று தனியாக முடிவு செய்யுங்கள். தரத்துக்காக வாங்குகிறோம் என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பிசிறை அப்படியே விட்டுவிடவும் முடியாது. 2,500 பீஸ் உள்ள ஒரு லாட்டுக்கு ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி, சாதாரண ஆய்வு நிலை இரண்டில், 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். மைனர் குறைக்கு ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர எல்லை) 4.0 என்றால் 10 வரை ஏற்பார்கள், 11 வந்தால் லாட் திரும்பும். உங்களிடம் நூற்றுக்கு 7 பீசுக்கு மேல் பிசிறு இருக்கிறது. வெட்டாமல் அனுப்பினால் 125-ல் சராசரியாக 9 வரும். மூன்றில் ஒரு லாட் அதற்காகவே திரும்பும் அளவுக்கு நெருக்கம் இது. எனவே பேக்கிங்குக்கு முன் பிசிறு வெட்டும் கைமடி தொடரட்டும். வெட்டிய நூல் துணியில் ஒட்டிக்கொண்டு போகாமல் இருக்க, நூல் உறிஞ்சும் மெஷின் ஒன்று இருந்தால் நல்லது.

இனி, ரூபாய்க் கணக்கிலேயே சேர்க்கக் கூடாதவை. ஊசி உடைந்து முனை துணிக்குள் தங்குவது, குழந்தைகள் ஆடையில் பிரஸ் பட்டன் கழன்று வருவது, இரண்டும் மாதத்துக்கு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அதனால் நோட்டில் கீழே கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பாதுகாப்பு தொடர்பான குறைக்கு ஏற்பு எண் பூஜ்யம், விவாதம் கிடையாது. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தப் பண்டல் மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும். உங்களிடம் டிடெக்டர் இல்லையென்றால் எக்ஸ்போர்ட்டரிடம் சொல்லி அனுப்பிச் சோதித்து வாங்குங்கள்.

சில பயிற்சி வகுப்புகளில் தீவிரம், நிகழும் அளவு, கண்டுபிடிக்கும் சிரமம் மூன்றுக்கும் 10-க்கு மார்க் போட்டுப் பெருக்கி வரிசைப்படுத்தச் சொல்வார்கள். அதில் ஊசித் துண்டுக்கு 9, 2, 2 என்று போட்டால் 36. பிசிறுக்கு 3, 4, 4 என்று போட்டால் 48. பிசிறு முன்னால் போய்விடுகிறது! இந்தக் கோளாறு தெரிந்துதான் வாகனத் துறையின் கையேட்டில், அமெரிக்க, ஜெர்மன் அமைப்புகள் சேர்ந்து 2019-ல் இந்தப் பெருக்கலைக் கைவிட்டு, தீவிரத்தை முதலில் பார்க்கும் அட்டவணைக்கு மாறின. பழைய முறையை இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

லேபிள் மாறல் இடைப்பட்டது. நீங்கள் பிடித்த 12-க்கு 60 ரூபாய்தான். பிடிபடாமல் போய் எக்ஸ்போர்ட்டரின் க்யூசி (தரம் பார்ப்பவர்) கையில் இரண்டு மாட்டினால், 2,500 பீசின் பாலிபேக்கையும் பிரித்துப் பார்க்கச் சொல்வார். பீசுக்கு 4 ரூபாய் என்றாலும் 10,000. இதற்கு மெஷினும் வேண்டாம், செலவும் வேண்டாம். லேபிள் தைக்கும் டெய்லர் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு சைஸ் லேபிள்தான் இருக்க வேண்டும். பண்டலோடு அதற்கான லேபிளை எண்ணிக் கொடுங்கள். எம் சைஸ் பண்டலில் 20 பீஸ் என்றால் 20 லேபிள். பண்டல் முடிந்து ஒரு லேபிள் மிஞ்சினால் அங்கேயே நிறுத்திப் பார்க்கலாம்.

எதையும் ஆரம்பிக்கும் முன், இந்த எண்களை நம்பலாமா என்று ஒரு சோதனை. 50 பீஸ் எடுங்கள். அதில் குறை உள்ளது 10, குறை என்ன என்று உங்களுக்கு மட்டும் தெரியும்படி தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செக்கிங் ஆளிடமும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் கலைத்துப் போட்டு மறுபடி கொடுங்கள். ஒருவர் 9 பிடிக்கிறார், இன்னொருவர் 5 பிடிக்கிறார் என்றால், உங்கள் மாதக் கணக்கு குறையைக் காட்டவில்லை, யார் எந்த மேஜையில் இருந்தார் என்பதைக் காட்டுகிறது. வெள்ளைத் துணியில் ஊசி ஓட்டையைத் தவறவிடுவது சகஜம். செக்கிங் மேஜையில் 1,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். டியூப்லைட்டைக் கீழே இறக்கிக் கட்டுவதுதான் உங்கள் 3 லட்சத்தில் முதல் செலவு. இன்னொன்று: டேமேஜுக்கு டெய்லர் கூலியில் பிடித்தம் செய்கிறீர்களா? செய்தால் நிறுத்துங்கள். பிடித்தம் இருக்கும் இடத்தில் டேமேஜ் பீஸ் நோட்டில் ஏறாது. கைமடியும் டெய்லரும் பேசிவைத்துப் பண்டலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள்.

இப்போது அளவு மாறல். இதுதான் உங்கள் முதல் வேலை. அளவு எந்த இடத்தில் மாறுகிறது என்று தெரியாமல் டெய்லரைத் திட்டுவதில் பயன் இல்லை. ஒரு ஆர்டரில் ஒரு சைஸை எடுத்து, 10 செட் பேனலில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, அதே பத்தையும் நாலு இடத்தில் அளக்க வேண்டும்: கட்டிங் முடிந்த உடனே, 24 மணி நேரம் கழித்து, தைத்த பிறகு, அயர்ன் செய்து ஆறிய பிறகு. மார்பகலம், நீளம் இரண்டு போதும். பத்தில் மூன்று லேயின் (வெட்டுவதற்காக அடுக்கடுக்காக விரித்த துணியின்) மேல் அடுக்கில் இருந்தும், நாலு நடுவில் இருந்தும், மூன்று அடியில் இருந்தும் எடுத்திருக்க வேண்டும்.

வெட்டிய உடனே சரியாக இருந்த பேனல் மறுநாள் சுருங்கியிருந்தால், துணி ஓய்வெடுக்காமல் மேஜைக்கு வந்திருக்கிறது. காம்பாக்டிங்கில் (துணியை அழுத்திச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில்) இருந்து இறுக்கமாகச் சுற்றி வந்த ரோலைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகத் தளர்வாகப் போட்டு, 24 மணி நேரம் விட வேண்டும். லைக்ரா கலந்ததற்குக் கூடுதலாகவும் தேவைப்படும். அவசரத்துக்குக் காலையில் வந்த துணியை மதியமே வெட்டுவதுதான் பெரும்பாலும் நடப்பது. துணி விரிக்கும் இருவரும் இழுத்து விரித்தாலும் இதே விளைவுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: லேயை விரித்து முடித்துப் பத்து நிமிடம் விடுங்கள், மேல் அடுக்கின் ஓரம் உள்ளே ஏறியிருந்தால் இழுத்து விரித்திருக்கிறார்கள்.

மேல் அடுக்கும் அடி அடுக்கும் ஒன்றுக்கொன்று வித்தியாசப்பட்டால் கத்தி சாய்கிறது, அல்லது அடுக்கு உயரம் அதிகம். அடுக்கைக் குறைப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை.

பேனல் சரியாக இருந்து தைத்த பிறகு அகலம் குறைந்தால், ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷினின் கத்தியைப் பாருங்கள். தையலுக்கு 1 செ.மீ. விட்டிருக்கிறீர்கள், கத்தி 1.3 தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் 0.3, வலப்பக்கம் 0.3, மார்பகலத்தில் 0.6 செ.மீ. போய்விட்டது. பையர் கொடுத்த விலக்கு (கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவு) ஒரு செ.மீ. என்றால், பாதிக்கு மேல் இங்கேயே காலி. மீதி 0.4-ல் கட்டிங்கும் அயர்னிங்கும் பிழைக்க வேண்டும். ஒவ்வொரு ஓவர்லாக் டெய்லரிடமும் ஐந்து பீஸ் தைக்கச் சொல்லி, கத்தி வெட்டித் தள்ளிய துணிப் பட்டையின் அகலத்தை அளந்தாலே யாரிடம் கோளாறு என்று தெரிந்துவிடும்.

அயர்னிங்கில் அளவு 'சரியாகிறது' என்றால் அதுதான் ஆபத்து. குட்டையாக வந்த பீசை ஆவி விட்டு இழுத்து அளவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். உங்கள் இடத்தில் அளந்தால் சரி. இரண்டு நாள் கழித்து எக்ஸ்போர்ட்டர் க்யூசி அளக்கும்போது பழைய அளவுக்கே திரும்பியிருக்கும். டெபிட் நோட்டில் நீங்கள் சண்டை போடும் 'எங்களிடம் சரியாகத்தானே இருந்தது' பீஸ்களில் கணிசமானவை இப்படிப் போனவையாக இருக்கலாம். அயர்ன் செய்தவற்றை ஒரு இரவு ஆறவிட்டு அளந்து பாருங்கள்.

அடுத்தது ஊசி ஓட்டை. நோட்டில் 95 தான் என்றாலும் உண்மையான எண் இதைவிடப் பெரிது. ஊசி அறுத்த இழை, தைத்தவுடன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். துவைத்து இழுத்தால்தான் கண்ணி அவிழ்ந்து ஓட்டை தெரியும். ஆகவே வீட்டில் இருப்பது போன்ற ஒரு சாதாரண வாஷிங் மெஷின் யூனிட்டில் வேண்டும். ஒவ்வொரு துணி லாட்டிலும் மொத்தத் தையல் தொடங்கும் முன் பத்துப் பேனல் தைத்து, தையலைக் குறுக்கே இழுத்துப் பார்த்து, துவைத்து, உலர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

ஓட்டை வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ஊசி: முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசிதானா, அளவு என்ன? மெல்லிய சிங்கிள் ஜெர்சி துணிக்கு 75 போட்டிருந்தால் 70 அல்லது 65 போட்டுப் பாருங்கள். பிறகு வேகம்: நிமிடத்துக்கு 6,000 தையலில் ஓடுவதை 4,500-க்கு இறக்குங்கள், வேகத்தில் ஊசி சூடேறும். புது ஊசி, மெல்லிய ஊசி, குறைந்த வேகம் எல்லாம் பார்த்தும் ஓட்டை வந்தால் பெரும்பாலும் துணி வறண்டிருக்கும். சாயப்பட்டறையில் சாஃப்ட்னர் போதவில்லை, அல்லது அதிகமாகக் காயவைத்திருக்கிறார்கள். அது உங்கள் குற்றம் இல்லை. ஆனால் 2,000 பீஸ் தைத்து முடித்த பிறகு சொன்னால் உங்கள் குற்றமாகிவிடும். தைத்துத் துவைத்த பேனலின் போட்டோ, ரோல் நம்பர், ஊசி அளவு மூன்றையும் அன்றே மெர்ச்சண்டைசருக்கு (எக்ஸ்போர்ட்டரிடம் ஆர்டரைக் கவனிப்பவருக்கு) வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு தையுங்கள். 13,300 ரூபாய் டெபிட்டில் எவ்வளவு உங்களுடையது என்பது இந்த ஒரு மெசேஜில் தீர்மானம் ஆகிறது.

எல்லா மெஷினிலும் தினமும் ஊசி மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மெஷின், சராசரி இரண்டு ஊசி, ஒன்று 20 ரூபாய் என்றாலே நாளுக்கு 1,200. 26 நாளுக்கு 31,200. நோய் 13,300, மருந்து 31,200! பையர் மேனுவலில் கட்டாயம் என்றால் வேறு வழியில்லை. இல்லையென்றால், எந்த மெஷின் தையலில் ஓட்டை வருகிறது என்று ஒரு வாரம் மெஷின் நம்பரோடு எழுதி, அந்த மெஷின்களில் மட்டும் ஷிஃப்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். மற்றவற்றில் காலையில் ஊசி முனையைப் பழைய நைலான் சாக்ஸில் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் மாற்றுங்கள்.

ஆயில் கறைக்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். எத்தனை மணிக்கு வருகிறது என்று மூன்று நாள் குறித்தால் போதும். காலை முதல் அரை மணியில் அதிகம் என்றால், முதல் ஐந்து நிமிடம் வேஸ்ட் துணியில் ஓட்டிவிட்டுப் பண்டலைத் தொடச் சொல்லுங்கள். நாள் முழுக்க ஒரே மெஷினில் வந்தால் ஊசி பார் சீல் போயிருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கலர் மாறல் பெரும்பாலும் கட்டிங்கில் நம்பரிங் ஒழுங்காக இல்லாததால் வருவது: வெவ்வேறு ரோலின் பேனல்கள் கலந்துவிடுகின்றன. ரோல் மாறும் இடத்தில் லேயில் ஒரு பேப்பரைப் போட்டு, ஒவ்வொரு பேனலிலும் அடுக்கு எண் ஒட்டினால் தீர்ந்தது.

மாற்றம் செய்த பிறகு அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளவு மாறல் இப்போது மாதம் 210. ஒரு நாளில் தைக்கும் 1,000 பீசில் சராசரி 8. இப்படி எண்ணும் குறைகளில், சராசரியின் வர்க்கமூலத்தை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் மேல் எல்லை கிடைக்கும்: 8 கூட்டல் 8.5, அதாவது 16. நேற்று 4, இன்று 13 என்று வந்தால் லைனில் எதுவும் மாறவில்லை. தற்செயல் ஏற்ற இறக்கம் அவ்வளவு இருக்கும். 17 வந்தால் அன்றே காரணம் தேடுங்கள். அதற்குக் கீழ் தினம் தினம் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பது வீண். திருத்தம் செய்த பிறகு தொடர்ந்து இரண்டு வாரமும் எண்கள் எட்டுக்குக் கீழேயே இருந்தால் திருத்தம் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

குறை சொல்லாமல் ஆர்டரைப் பாதியாக்கிய எக்ஸ்போர்ட்டர் விஷயம் செக்கிங் நோட்டில் கிடைக்காது. ஜாப் ஒர்க் என்பது பாதி உற்பத்தி, பாதி சேவை. உங்களிடம் அவர் வாங்குவது தையலை மட்டும் இல்லை. கப்பல் தேதிக்குப் பீஸ் வந்து சேரும் என்ற உறுதியையும் சேர்த்துத்தான். சென்னை ஐஐடியில் படித்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஏ. பரசுராமன், இரண்டு சக ஆய்வாளர்களோடு 1980-களில் சேவைத் தரத்தை ஆராய்ந்தபோது, வாடிக்கையாளர் முதலிடம் கொடுத்தது சொன்னதைச் சொன்னபடி செய்வதற்கு. கட்டடம், உபகரணம், தோற்றம் எல்லாம் கடைசி. வாடிக்கையாளரையே 100 மார்க்கைப் பங்கிடச் சொல்லும் அவர்களுடைய முறை உங்கள் அளவு யூனிட்டுக்கும் பொருந்தும்.

ஆறு வரி எழுதுங்கள்: தேதிக்குக் கொடுப்பது, குறையில்லாத பீஸ், எண்ணிக்கை ஒத்துப்போவது, போன் எடுத்து நிலவரம் சொல்வது, சேம்பிள் சீக்கிரம் தருவது, யூனிட்டின் தோற்றம். ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டரிடமும் 100 மார்க்கை இந்த ஆறுக்கும் பங்கிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் நீங்கள் எப்படி என்று 5-க்கு மார்க் போடச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு ஒருவர் தேதிக்கு 35, பீஸ் தரத்துக்கு 30, எண்ணிக்கைக்கு 15, நிலவரத்துக்கு 12, சேம்பிளுக்கு 5, தோற்றத்துக்கு 3 கொடுக்கிறார் என்று வைப்போம். தேதியில் உங்களுக்கு 2 மார்க் என்றால் பள்ளம், அதாவது 5-க்குக் குறைவது, 3. 35-ஐ 3-ஆல் பெருக்க 105. பீஸ் தரத்தில் 4 மார்க், பள்ளம் 1, 30 தான். எண்ணிக்கையில் 2 மார்க், பள்ளம் 3, 45. இவருக்கு நீங்கள் பீஸ் தரத்தை இன்னும் ஏற்றிக்கொண்டே போனாலும் ஆர்டர் திரும்பாது. தேதியைப் பிடிக்க வேண்டும், வெட்டிய பீஸ், தைத்த பீஸ், டேமேஜ் மூன்றும் ஒத்துப்போகும் கணக்கைக் கொடுக்க வேண்டும்.

இதை முதலாளியிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர் ரேட்டைப் பற்றித்தான் பேசுவார். ஆர்டரை எந்த யூனிட்டுக்குப் போடுவது என்று தினசரி முடிவு செய்பவர் மெர்ச்சண்டைசர் அல்லது புரொடக்‌ஷன் மேனேஜர், அவரிடம் கேளுங்கள். ஆர்டரைக் குறைத்தவரிடம் போனில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள்.

தேதி தவறுவதற்குக் காரணம் தேட, லைன் 15 நிமிடத்துக்கு மேல் நிற்கும்போதெல்லாம் ஏன் என்று சூப்பர்வைசர் ஒரு வரி எழுதட்டும். லேபிள் வரவில்லை, ரிப் துணி வரவில்லை, நெக் டேப் கலர் மாறி வந்தது என்பது போன்ற வரிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் மருந்து எளிது: எல்லா ஆக்சஸரீஸும் கைக்கு வராமல் கட்டிங் போடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பொருளோடு தொடங்கிய ஆர்டர் லைனில் பண்டலாகக் குவிந்து அடுத்த ஆர்டரையும் மறித்துவிடும். தினம் மாலை ஆறு மணிக்கு வெட்டியது, தைத்தது, செக்கிங் முடிந்தது, பேக்கிங் முடிந்தது என்று நாலு எண் எக்ஸ்போர்ட்டருக்குப் போகட்டும். தாமதமாகும் என்று மூன்று நாள் முன்பே தெரிந்தால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். கடைசி நாள் சொன்னால் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஐஎஸ்ஓ சான்றிதழ் பையரோ எக்ஸ்போர்ட்டரோ எழுத்தில் கேட்டால் வாங்குங்கள்; அளவு மாறலைக் குறைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். ஃபைவ் எஸ் முழு யூனிட்டுக்கும் பெயின்ட் அடிப்பதில் தொடங்க வேண்டியதில்லை. ஊசி டப்பா, லேபிள் மேஜை, கட்டிங் பேனல் ரேக் மூன்றில் செய்தால் மேலே சொன்ன குறைகளில் நேரடியாகக் கை வைக்கும். சாஃப்ட்வேர் விஷயத்தில் மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: பேப்பரில் மூன்று மாதம் மெஷின் நம்பர், ரோல் நம்பர், நேரம் மூன்றும் விடாமல் எழுதி வந்தால் வாங்கலாம். பேப்பரில் எழுதாத லைன் டேப்லெட்டிலும் எழுதாது. 3 லட்சத்தில் துணி ஓய்வெடுக்க ரேக்குகள், வெளிச்சம், வாஷிங் மெஷின், நூல் உறிஞ்சும் மெஷின் ஆகியவற்றை முதலில் வாங்குங்கள். பாக்கியை ரேக்குக்கு இடம் ஒதுக்க வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் சிரமமானது பணம் இல்லை, 24 மணி நேரம் துணி கிடக்க இடம் பிடிப்பதுதான்.

கடைசியாக, செக்கிங்குக்கு இன்னும் இரண்டு பேர். கடைசி மேஜையில் ஆள் கூட்டினால் அளவு மாறிய பீசும் ஓட்டை விழுந்த பீசும் இன்னும் நன்றாக எண்ணப்படும். அவற்றுக்கு ஆன துணியும் கூலியும் அதற்குள் போயிருக்கும். புதிதாக யாரையும் எடுக்க வேண்டாம். இருப்பவர்களில் நல்ல கண் உள்ள ஒருவரை, 50 பீஸ் சோதனையில் முதலில் வந்தவரை, கடைசி மேஜையில் இருந்து கட்டிங் மேஜை அருகே மாற்றுங்கள். ஒவ்வொரு லேயிலும் மேல், நடு, அடி என மூன்று பேனலை மார்க்கரோடு (வெட்டும் வடிவம் வரைந்த தாளோடு) வைத்துப் பார்ப்பது, தையலில் ஒரு மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு ஓவர்லாக்கிலும் ஐந்து பீஸ் எடுத்துத் தையலை இழுத்துப் பார்ப்பது, வெட்டுப்பட்டையை அளப்பது ஆகியவை அவர் வேலை. கோளாறு கண்டால் அந்த மெஷினை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும். சூப்பர்வைசர் முன்னிலையில் நீங்களே அதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே 'டார்கெட் போகுது, அப்புறம் பார்க்கலாம்' என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.